பள்ளத்தின் விளிம்பில் வளர்ந்த தீவு

ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே, சுந்தா நீரிணையில், மக்கள் குடியேறாத எரிமலைத் தீவொன்று உண்டு. பெயர் அனாக் கிரக்கத்தாவ். 'அனாக்' என்றால் பிள்ளையென்று மலாய் அறிந்த வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தாய் எரிமலை 1883 ஆகஸ்டில் வெடித்து, பெரும்பகுதி கடலுள் ஆழ்ந்தது. பெரும்பாலும் பேரலைகளால் 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பள்ளத்தில் 1927இல் எரிமலை மீண்டும் கிளர்ந்து, 1930இல் பிள்ளைத் தீவு நிலைபெற்றது.

சாம்பலும் எரிகுழம்பும் படிந்து அது 338 மீட்டர்வரை உயர்ந்தது. உயரத்தினும் கவனிக்கத்தக்கது அது நின்ற இடமே. தென்மேற்குப் பக்கம் பழைய பள்ளத்தின் சரிவின்மேல் அமைந்திருந்தது. அது சரியக்கூடுமென 2012இலேயே ஆய்வாளர் எழுதினர். 2018 டிசம்பர் 22 இரவு அவ்வாறே சரிந்தது. நிலநடுக்கத்தையே எதிர்பார்த்து அமைந்த எச்சரிக்கை முறை வாய்திறக்கவில்லை. ஆளில்லாத் தீவில் எழுந்த அலை எதிர்க்கரைகளில் 400-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மலை 110 மீட்டராகக் குறுகி, பின்னர் மறுபடியும் வளரத் தொடங்கிற்று.