கோடையில் பனி பார்க்கப் போகிறீர்களா? பனிச்சரிவைப் பற்றிச் சில விவரங்கள்

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து காஷ்மீர், மணாலி, சிக்கிம் என்று கிளம்பும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பனியைக் காட்ட வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. ஸ்வெட்டர், ஹலால் சாப்பாடு, அறை வாடகை எல்லாம் விசாரிக்கும் நாம், பனிச்சரிவைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. அது ராணுவ வீரர்களுக்கு வரும் ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் பனியில் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். கர்நூலைச் சேர்ந்த முஷ்தாக் அஹ்மதும் அதில் உயிரிழந்தார். ஆறு நாட்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பா பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

ஆனால் 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையில் இறந்த ஏழு பேரும் சுற்றுலாப் பயணிகள். அனுமதி 13ஆவது மைல் வரைதான். அதைத் தாண்டி 15ஆவது மைல் பகுதிக்குப் போனவர்கள் மீது, நண்பகலை ஒட்டிய வேளையில் பனி சரிந்தது. மாதத்தையும் நேரத்தையும் கவனியுங்கள். நமக்கு விடுமுறை கிடைக்கும் மாதம். வேன் போய்ச் சேரும் நேரம்.

காசிமேட்டில் மீனுக்காக உடைத்துக் குவித்த ஐஸைப் பார்த்திருப்போம். காலையில் குவியல் அசையாமல் நிற்கும். வெயில் ஏறியதும் உள்ளே தண்ணீர் இறங்கி, துண்டுகளுக்கு இடையிலான பிடி விட்டு, ஒரு பக்கம் அப்படியே சரியும். இளவேனிலில் மலைப்பனிக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இரவுக் குளிரில் மேற்பரப்பு உறைந்து கெட்டியாகிறது. பகல் வெயிலில் உருகும் நீர் உள்ளே இறங்கி அடுக்குகளுக்கு இடையே வழுக்கலை உண்டாக்குகிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் இது நடக்கும். நாம் நிற்கும் இடம் சமதளமாக இருப்பதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. மேலே உள்ள சரிவிலிருந்து புறப்படும் பனி கீழே சாலை வரை வந்துவிடும்.

ஏப்ரலிலும் மேற்கத்திய இடையூறு காரணமாகப் புதுப்பனி பெய்வதுண்டு. மறுநாள் வானம் தெளிந்து பளிச்சென்று வெயில் அடித்தால் போட்டோ எடுக்க அருமையான நாள் என்று தோன்றும். உண்மையில் அதுதான் மோசமான நாள். இரவு முழுக்க மேகமூட்டமாக இருந்தாலும் பனி சரியாக உறைந்திருக்காது. அன்று காலை நேரத்தையும் நம்பக் கூடாது.

மற்ற நாட்களில் ஃபஜ்ர் தொழுததும் கிளம்பி, லுஹருக்குள் பனிச்சரிவுகளை விட்டு வந்துவிடும்படி திட்டமிடலாம். ஸ்ரீநகரிலிருந்து சோனாமார்க் சுமார் 80 கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு நிதானமாகப் புறப்படும் பேக்கேஜ் வண்டி, பனி இளகும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். புறப்படும் நேரத்தை முன்கூட்டியே ஏஜெண்டிடம் பேசிவிடுவது நல்லது. கூடுதல் பணம் கேட்டாலும் பரவாயில்லை.

அங்கே போனதும் பார்க்க வேண்டியவை சில உண்டு. கால் முட்டி வரை புதைகிறதா, சரிவிலிருந்து சிறு பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருகின்றனவா, காலடியில் 'தும்' என்று சத்தம் கேட்கிறதா? உடனே திரும்பிவிட வேண்டும். இரு பக்கமும் மரங்கள் இருக்க நடுவே மட்டும் மொட்டையாக ஒரு பட்டை இறங்கினால் அது பழைய பனிச்சரிவின் பாதை. அதன் அடியில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கக் கூடாது. ஓடை மேல் பாலம் போல் நிற்கும் பனியில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். அடியில் தண்ணீர் ஓடி உள்ளே குடைந்திருக்கும்.

பனிச்சரிவு எச்சரிக்கைகளை சண்டிகரில் உள்ள டிஆர்டிஓவின் பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் தயாரிக்கிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை மாவட்ட வாரியாக, உயரத்தையும் குறிப்பிட்டு அறிவிக்கிறது. அதில் சோனாமார்க் என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். அது கந்தர்பல் மாவட்டம். குல்மார்க் பாரமுல்லாவில் வரும். ஓட்டுநர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை விட இந்த அறிவிப்புக்கே மதிப்புக் கொடுக்க வேண்டும். தடுப்பைத் தாண்டிப் போகக் கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கேட்பவரிடம் பேரம்கூட வேண்டாம்.

பனி வருவதைக் கண்டால் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். சிக்கிக்கொண்டவர், பனி நிற்பதற்குள் கைகளை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்குக் கொஞ்சம் இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நின்றபின் அது சிமெண்ட் போல் இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. வெளியே இருப்பவர்கள், அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தை அடையாளம் வைத்து, அதற்குக் கீழே உடனே தேடத் தொடங்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தோண்டி எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்; அரை மணி கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒருவர் 112க்கு அழைக்கட்டும். மேலே இன்னும் பனி தொங்குகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் தோண்டட்டும்.