மதுரையை விட்டுக் கிளம்பிய 20 கன்னியர்கள்

கதீட்ரல் சாலையில் இருக்கும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தெரியாத சென்னைவாசிகள் குறைவு. 1947 ஆகஸ்ட் 15 அன்று மயிலாப்பூர் சாந்தோமில் 32 மாணவிகளோடு தொடங்கிய கல்லூரி அது. அதைத் தொடங்கிய எஃப்.எம்.எம். கன்னியர் சபை உருவானதற்குக் காரணம் மதுரையில் ஏற்பட்ட ஒரு பிளவு என்பது பலருக்குத் தெரியாது.

சபையை நிறுவிய எலேன் டி ஷபோத்தென் 1839-ல் பிரான்சின் நாந்த் நகரில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் கிளாரா சபை மடத்தில் சேர்ந்தார். 1861 ஜனவரி 23 அன்று, திருச்சபைக்காகவும் போப்புக்காகவும் தன்னையே பலியாகக் கொடுக்கும்படி கடவுள் கேட்பதாக உணர்ந்தார். அவருடைய ஞான வாழ்வின் அடித்தளம் இந்த அனுபவம்தான். ஆனால் உடல்நிலை மோசமாகி வீடு திரும்ப நேர்ந்தது.

1864-ல் மரிய பரிகார சபையில் சேர்ந்து 'பாடுகளின் மரியா' என்ற பெயர் பெற்றார். அடுத்த ஆண்டே, பயிற்சி முடியும் முன்பே, மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். 28 வயதில் இங்குள்ள மடங்களுக்கெல்லாம் தலைவி!

அதன்பிறகு மிஷனில் கருத்து வேறுபாடு முற்றியது. 1876-ல் இவரையும் சேர்த்து 20 கன்னியர்கள் தங்கள் சபையை விட்டு வெளியேறி ஊட்டியில் கூடினார்கள். பணிவே முதல் கடமை என்றிருந்த துறவறத்தில், அதுவும் அந்தக் காலத்துப் பெண்களுக்கு, இது சாதாரணக் காரியம் அல்ல. சும்மா கோபித்துக்கொண்டு போனவர்களாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர் நேராக ரோமுக்குப் போய் முறையிட்டார். 1877 ஜனவரி 6 அன்று போப் ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தார். 1882-ல் அது பிரான்சிஸ்கன் குடும்பத்தில் இணைந்தது.

சோதனை அதோடு தீரவில்லை. 1883-ல், தான் நிறுவிய சபையின் தலைமைப் பதவியிலிருந்தே நீக்கப்பட்டார். விசாரணை நடந்து, போப் பதிமூன்றாம் சிங்கராயர் காலத்தில், 1884-ல் மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் அவர் இறந்தபோது சபையில் 2000-க்கும் மேற்பட்ட கன்னியர்கள் இருந்தார்கள்.

அவர் சீனாவுக்கு அனுப்பிய கன்னியர்களில் 7 பேர் 1900 ஜூலை 9 அன்று பாக்ஸர் கிளர்ச்சியின்போது தையுவானில் கொல்லப்பட்டார்கள். அந்த 7 பேருக்கும் 2000 அக்டோபர் 1 அன்று புனிதர் பட்டம் கிடைத்தது. அவர்களை அனுப்பிய அன்னைக்கு அருளாளர் பட்டம் 2002 அக்டோபர் 20 அன்றுதான் வழங்கப்பட்டது.