கப்பற் சேதமும் கைக்காமிராவும்

மூழ்கிய கப்பல்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாக நாடுவன விசாரணை மன்றங்களின் அறிக்கைகளும், காப்புறுதி நிறுவனங்களின் பதிவேடுகளும், உயிர் தப்பியோர் அளித்த வாக்குமூலங்களுமே ஆகும். இவற்றோடு வைத்து எண்ணத்தக்க சான்று மற்றொன்றும் உண்டு. படம் பிடித்தலைத் தொழிலாகக் கொள்ளாத எளிய மனிதர்கள் தற்செயலாக எடுத்த புகைப்படங்களே அவை. அவற்றின் பெருமையையும், அவற்றைக் கையாளும்போது வேண்டப்படும் எச்சரிக்கையையும் ஈண்டுக் காண்போம்.

தொழில்முறைப் படக்காரர் பெரும்பாலும் கரையில் நின்றவர். இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளில், கிப்சன் குடும்பத்தார் 1869 முதல் நான்கு தலைமுறையாகப் பாறையில் மோதிய கப்பல்களைப் படம் பிடித்தனர். ஒப்புயர்வற்ற தொகுப்பு அது. எனினும் அப்படங்களில் நாம் காண்பது விபத்தை அன்று. விபத்துக்குப் பின் எஞ்சியதையே. கனமான பெட்டியும், முக்காலியும், கண்ணாடித் தகடும் சுமந்தவர் மூழ்கும் கப்பலின் தளத்தில் எவ்வாறு நிற்க இயலும்?

இந்நிலையை மாற்றியது சுருள் படலம். 1888-இல் ஈஸ்ட்மன் வெளியிட்ட கொடாக் காமிராவின் விலை 25 அமெரிக்க வெள்ளி. 1900-இல் வந்த பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் காமிராவுக்கோ ஒரே வெள்ளி! பள்ளிச் சிறுவனும், கப்பலின் சமையற்கட்டில் வேலை செய்பவனும் படம் எடுக்கும் காலம் பிறந்தது.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் டைட்டானிக் கப்பலில் ஏறி, மறுநாளே அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனில் இறங்கிவிட்ட பிரான்சிஸ் பிரௌன் என்னும் சமயத் துறை மாணவர், அந்தக் குறுகிய பயணத்தில் பல படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்று கம்பியில்லாத் தந்தி அறையைக் காட்டுவது. ஒரே படலத்தில் இருமுறை ஒளி விழுந்துவிட்டமையால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. படக்கலை ஆசிரியர் ஒருவர் இதைக் குப்பையில் எறிந்திருப்பார். ஆயின், அவ்வறையின் உட்புறத்தைக் காட்டும் படமாக உலகம் அறிந்தது இஃது ஒன்றே.

உயிர் பிழைத்தோரை ஏற்றிவந்த கார்பேத்தியா கப்பலில் பெர்னிஸ் பாமர் என்னும் 17 வயதுக் கனடியப் பெண் ஒரு பிரௌனி வைத்திருந்தாள். மீட்கப்பட்டவர்களையும் ஒரு பனிப்பாறையையும் படம் பிடித்தாள். அவற்றின் மதிப்பை அறியாத அவளிடம், படச் செய்தி நிறுவனம் ஒன்று 10 வெள்ளிக்கு உரிமையை வாங்கிக்கொண்டது. ஆனால் அவள் மோதலைக் கண்டவள் அல்லள். அன்று காலை அக்கடலில் பனிப்பாறைகள் பல மிதந்தன. ஆகவே அந்தப் பாறைதான் டைட்டானிக்கைக் கிழித்தது என்று அப்படத்தைக் காட்டி மாணவர்க்குச் சொல்லிவிட முடியாது. படம் பொய் சொல்லாது என்பர். அதன் கீழே நாம் எழுதும் வரி பொய் சொல்லக்கூடும்.

உள்ளிருந்து எடுத்த படத்துக்கு வெஸ்ட்ரிஸ் கப்பலே தலைசிறந்த எடுத்துக்காட்டு. நியூயார்க் துறைமுகத்திலிருந்து தென்னமெரிக்கா நோக்கி 1928 நவம்பர் 10-இல் புறப்பட்ட இக்கப்பல், மறுநாளே புயலில் நீர் புகுந்து வலப்புறமாகச் சாய்ந்தது. தலைவர் அபாயச் செய்தி அனுப்பத் தயங்கினார். 12-ஆம் நாள் காலையில்தான் அனுப்பினார். பிற்பகலில் கப்பல் மூழ்கிற்று. மாண்டோர் 110 பேருக்கு மேல். கப்பலில் இருந்த குழந்தைகளுள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. முதலில் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிய படகுகள், மேலெழும்பி நின்ற இடப்பக்கத்துப் படகுகள். சாய்ந்த பக்கவாட்டில் உரசியும் சிக்கியும், அவை செவ்வனே கடலில் இறங்க முடியவில்லை.

அந்த வேளையில் பிரெட் ஹான்சன் என்னும் உணவறைப் பணியாளர் தம் சிறு காமிராவைத் திறந்தார். சரிந்து நிற்கும் தளம், பிடிமானம் தேடி நிற்கும் மனிதர், இறங்க மறுக்கும் படகு: இவற்றை அவர் படத்தில் காண்கிறோம். தளம் இத்தனை பாகை சாய்ந்தது என்று அறிக்கை கூறும். அந்தச் சாய்வில் ஒருவன் காலூன்றி நிற்பது எத்துணை அரிது என்பதைக் கூறுவது படமே. நியூயார்க் நாளேடு ஒன்று அதை விலைக்கு வாங்கி வெளியிட்டது. மனிதர் சாகும் நேரத்தில் படம் எடுக்கலாமா என்று கேட்பாரும் உளர். கேட்கவேண்டிய கேள்விதான். எனினும், அவர் எடுத்திராவிடில் அந்த மாந்தரின் இறுதி நாழிகைக்கு வேறு படச் சான்று இருந்திராது என்பதை எண்ணும்போது, ஹான்சனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

கடலைவிட்டு நிலத்துக்கு வந்தால், அன்றாட விபத்துகளுக்குக் கணக்கில்லை. கவிழ்ந்த வண்டியும் தடம் புரண்ட இரயிலும் குடும்பப் படத்தொகுப்புகளில் பெயரும் தேதியும் இன்றி ஒட்டப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் எதிர்பாராத புகழ் பெற்றது. 1953 மே 3-இல், கலிபோர்னியாவின் ரெட்டிங் நகருக்கு அருகே பிட் ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரியின் முன்பகுதி விளிம்புக்கு வெளியே தொங்கிற்று. அவ்வழியே வந்த வர்ஜீனியா ஷா என்னும் பெண்மணியின் கணவர், பிறர் துணையோடு கயிற்றை இறக்கி ஓட்டுநர்களை மீட்க முனைந்தார். அம்மையாரோ தம் பிரௌனியை எடுத்தார். கயிற்றைப் பற்றியவாறு ஓட்டுநர் மேலே இழுக்கப்படும் காட்சி அதில் பதிந்தது. ஓட்டுநர் இருவரும் பிழைத்தனர். உள்ளூர் நாளேட்டின் படப்போட்டியில் அதற்குக் கிடைத்த பரிசு, பெர்னிஸ் பாமர் பெற்ற அதே 10 வெள்ளி. அடுத்த ஆண்டு, 1954-இல், அதே படத்துக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.