ஒவ்வாதனவற்றைப் பிணைத்த வரலாறு

பிளாத்திக்கின் வரலாறு பெரும்பாலும் புதிய பொருள்களின் கண்டுபிடிப்பு வரலாறாகவே எழுதப்படுகின்றது. 1933 இல் இங்கிலாந்தின் வினிங்ரன் ஆய்வுகூடத்திற் பொலியெதிலீனும், 1935 இல் அமெரிக்காவின் டுபோன்ற் நிறுவனத்திற் கரோதர்சின் குழுவினரால் நைலோனும், 1954 இல் இத்தாலியில் நட்டாவினால் ஒழுங்கமைந்த பொலிப்புரொப்பிலீனும் பெறப்பட்டமை அவ்வரலாற்றின் மைல்கற்களாகும். ஆயின், இத்தகைய பொருள்களை ஒன்றோடொன்று பிணைக்க எழுந்த முயற்சியின் வரலாறும் இதனிலும் சிறப்பிற் குறைந்ததன்று.

உலோகங்களை உருக்கிக் கலந்து வெண்கலம் கண்ட மனிதன், பல்பகுதியங்களையும் அவ்வாறே கலக்க எண்ணியமை இயல்பே. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை எண்ணெயும் நீரும் போலப் பிரிந்தன. பிரிந்த எல்லையிலேயே பொருள் உடைந்தது. 1940களின் தொடக்கத்திற் புளோறியும் ஹகின்சும் தனித்தனியே வகுத்த கொள்கை இதன் காரணத்தை உணர்த்திற்று. சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது எந்திரப்பி பெரிதும் உயர்ந்து கலத்தலை எளிதாக்கும். நீண்ட சங்கிலிகளில் இவ்வுயர்வு மிகச் சொற்பம். ஆதலின், சங்கிலிகளுக்கிடையேயுள்ள சிறு ஒவ்வாமையும் கலத்தலைத் தடுத்துவிடும்.

இவ்விதியை மீற இயலாதெனக் கண்டோர், முற்றாகக் கலக்கும் எண்ணத்தை விடுத்து எல்லையைப் பலப்படுத்த முனைந்தனர். நைலோன் வலிதாயினும் கீறல் விழுந்தவிடத்து எளிதில் முறிவது. இறப்பர்த் துணிக்கைகள் இக்குறையைப் போக்கவல்லன. ஆனால் நைலோனோடு ஒட்டா. டுபோன்ற் நிறுவனம் 1979 இல் அமெரிக்காவிற் பெற்ற காப்புரிமையொன்று இதற்கு வழிகாட்டியது. இறப்பர்ச் சங்கிலியில் மலெயிக் நீரிலி ஒட்டப்படின், உருகிய நிலையில் அது நைலோனின் அமீன் முனையோடு தாக்கமுறும். பாதி நைலோனும் பாதி இறப்பருமான சங்கிலி எல்லையிலேயே தோன்றி இரண்டையும் தைத்துவிடுகின்றது. துணிக்கைகள் மீண்டும் திரளாது நுண்ணியனவாகவே நிலைக்கின்றன. துணிக்கைகளுக்கு இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 0.3 மைக்கிரோமீற்றரிலும் குறையும்போதே நைலோன் உறுதிபெறும் என்பதை 1985 இற் சூஹெங் வூ காட்டினார்.

இம்முறை நிரப்பிகளுக்கும் பொருந்திற்று. மலெயிக் நீரிலி ஒட்டிய பொலிப்புரொப்பிலீன், மரத்தூளின் ஐதரொட்சிற் கூட்டங்களைப் பற்றிக்கொள்கின்றது. அமீன் கொண்ட சிலேன் பூசப்பட்ட கண்ணாடி நாரையும் அவ்வாறே பற்றுகின்றது.

எனினும், தாக்கமுறும் கூட்டம் ஒன்றேனும் இல்லாத பொலியெதிலீனையும் பொலிப்புரொப்பிலீனையும் இம்முறையாற் பிணைத்தல் அரிது. குப்பையிற் பெருமளவிற் கலந்து கிடப்பவை இவ்விரண்டுமே. 2017 இற் கோர்னெல், மினசோற்றா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் இரண்டினதும் துண்டங்கள் மாறிமாறி அமைந்த சங்கிலிகளை ஆக்கி, அவை சிறிதளவு சேரினும் இவ்விரண்டும் பிணையும் எனக் காட்டினர். ஆயினும், பிணைத்தவற்றை மீளப் பிரித்தல் கடினம். பிணைப்பின் வெற்றியே அடுத்த தலைமுறைக்குச் சுமையாகாதிருத்தல் வேண்டும். இவ்வரலாறு இன்னும் விடை காணாத வினா அதுவேயாகும்.