கடல் தரவுக்கு ஒரு நிவந்தம்

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், அவர்களின் ஆசிரியர்கள் ஆகியோருக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லையும் அதற்கு ஆதாரமான நிலத்தையும் அது வகுத்துச் சொல்கிறது. அன்றைய வேதக் கல்வி ஒரு சிலருக்கே திறந்திருந்தது. அந்தக் குறுகிய வாசலை நாம் ஏற்க முடியாது. ஆனால் நிவந்தம் என்னும் அந்தக் கொடையின் அமைப்பு கருதத்தக்கது. நிலம் அப்படியே இருக்கும், விளைவு கல்விக்குப் போகும். கொடுத்தவர் ஆண்டுதோறும் மனம் வைக்க வேண்டியதில்லை. நந்தாவிளக்குக்கு ஆடு விட்டதும் இதே முறையில்தான்.

உலகக் கடலறிவியலுக்கு இந்த ஏற்பாடு இன்னும் வாய்க்கவில்லை.

2000 முதல் 2010 வரை, 80க்கும் மேற்பட்ட நாடுகளின் அறிவியலாளர்கள் சேர்ந்து கடல்வாழ் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். அமெரிக்காவின் சுலோன் அறக்கட்டளை அதற்கு முதன்மைக் கொடையாளர். அந்த முயற்சியின் பொதுக் களஞ்சியமாகப் பிறந்ததுதான் ‘ஓபிஸ்’ என்னும் பெருங்கடல் பல்லுயிர்த் தகவல் அமைப்பு. எந்த உயிர், எங்கே, எந்த ஆழத்தில், எந்த நாளில் காணப்பட்டது என்ற பதிவுகள் இன்று அதில் பத்துக் கோடிக்கும் மேல். யாரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். கணக்கெடுப்பு முடியவிருந்த நிலையில், 2009இல் யுனெஸ்கோவின் பெருங்கடலியல் ஆணையம் இதைத் தன் பொறுப்பில் ஏற்றது. 2011இல் பாலத்தீனம் யுனெஸ்கோவில் உறுப்பினரானது. அதை எதிர்த்து அமெரிக்கா தன் பங்குத் தொகையை நிறுத்தியது. யுனெஸ்கோவின் நிதியில் அது அப்போது 22 விழுக்காடு. மீனுக்கும் பவளத்துக்கும் தொடர்பில்லாத ஓர் அரசியல் முடிவு, அவற்றின் பதிவேட்டைக் காக்கும் ஆணையத்தின் கையையும் கட்டிவிட்டது.

கப்பல் அனுப்பவும் கருவி வாங்கவும் நிதி கிடைக்கிறது. வந்து சேர்ந்த பதிவுகளில் உயிரினப் பெயர்களைச் சரிபார்த்து, ஒரே பதிவு இருமுறை ஏறாமல் பார்த்து, கணினிகளைக் காத்து வருபவரின் சம்பளம் மட்டும் மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டங்களில் ஊசலாடுகிறது. இது பெரிய அநீதி.

தொடர் பதிவின் அருமையை மத்தி மீன் காட்டும். மலபார்க் கரையின் மீன் என்றே பேர் பெற்ற மத்தி, 1980களின் பிற்பகுதி முதல் நம் கீழைக் கடலிலும் ஏராளமாகப் பிடிபடத் தொடங்கியது. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மீன் இறங்கும் கரைகளில் ஆண்டு தவறாமல் கணக்கெடுத்து வந்ததால்தான், இம்மாற்றத்தை எண்ணிக்கையோடு சொல்ல முடிகிறது. நடுவில் பத்தாண்டுப் பதிவு அறுந்திருந்தால், பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்தப் பத்தாண்டுக் கடலை மறுபடி அளக்க வழியில்லை.

ஆழ்கடல் இயக்கத்துக்கு இந்திய அரசு 2021இல் ஐந்தாண்டுக்கு 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அத்தகைய திட்டம் ஒன்றில் நூற்றில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 40 கோடியை, தொடக்கூடாத முதலாக வைத்தால், 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 2.8 கோடி வரும். ஓபிஸின் இந்தியப் பிரிவு கொச்சியில் உள்ள கடல்வாழ் உயிர்வளச் சூழலியல் மையத்தில் இயங்குகிறது. அதற்கு இந்த வட்டியைக் கொடுக்கலாம். ஒரு பகுதியை உலகக் களஞ்சியத்துக்கும் அனுப்பலாம். மற்ற உறுப்பு நாடுகளும் தத்தம் அளவில் இப்படி முதல் வைத்தால், எந்த ஒரு நாடு கோபித்துக்கொண்டாலும் பதிவு நிற்காது.

நம் பங்கும் ஒன்று உண்டு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியிலும், மரக்காணம் கடற்கரையிலும் திண்டிவனம், விழுப்புரம் கல்லூரி மாணவர்கள் ஆய்வேடுகளுக்காக எடுக்கும் உயிரினக் குறிப்புகள் துறை அலமாரிகளிலேயே தங்கிவிடக் கூடாது. நாள், இடம், உயிரினப் பெயர் மூன்றும் தெளிவாக உள்ள குறிப்புகளை இந்த ஆண்டே கொச்சிக்கு அனுப்பத் தொடங்குமாறு இதைப் படிக்கும் விலங்கியல், தாவரவியல் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.