உரைகல்

குமாரலிங்கபுரம் வானம் பார்த்த பூமி. மேகத்தின் குணமறிந்த எங்கள் உழவர், வானம் கறுத்த போதெல்லாம் விதைப்பதில்லை. சமய வாழ்விலும் அவ்வறிவு வேண்டும் என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று கூறுவேன்.

எம் மாவட்டத்து வத்திராயிருப்பின் அருகே கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1860இல் அவர் முன்னின்ற ஆன்மிக எழுச்சி பின்னர்த் திருவிதாங்கூரிலும் பரவிற்று. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்பார் ஒருவர் இருந்தார். தமிழ் அந்தணர் குலத்தில் பிறந்து, ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். பத்திப் பாடல்கள் புனைந்த பாவலர். 1881இல் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று அவரும் அவரைச் சார்ந்தோரும் 1875இல் பறைசாற்றினர். பலர் நம்பினர். 1881 வந்தது, கழிந்தது. கிறிஸ்து வரவில்லை.

அவர் பிறரை வஞ்சிக்கக் கருதினார் என்று சொல்வதற்கில்லை. அத்தகைய புலமைக்கு முன் கேட்போர்க்கு ஐயம் எழுவதும் அரிதே. ஆயினும், அந்த நாளை மனிதர் எவரும் அறியார் என்று கிறிஸ்துவே கூறியது மத்தேயு சுவிசேஷத்தின் 24ஆம் அதிகாரத்தில் உள்ளது. பெஞ்சமின் பெய்லியின் மலையாளப் புதிய ஏற்பாடு 1829இலேயே அச்சாகியிருந்தது. உரைகல் கையில் இருந்தது. உரைத்துப் பார்த்தவர் சிலரே.

அன்பர்களே! பிழைகளை மனப்பாடம் செய்து எந்த மாணவனும் இலக்கணம் கற்றதில்லை. சரியான வடிவத்தைப் பழகியவன் கண்ணுக்கே பிழை உறுத்தும். சத்தியமும் அத்தகையதே.