சண்டிகார் நாற்காலிகளும் நியாய விலையும்

புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் பழைய தளவாடப் பொருளை விற்பவர் நியாய விலை பெறுவது எவ்வாறு? இவ்வினாவிற்குச் சண்டிகார் நகரின் வரலாறு விடை தருகிறது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றமையால், இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. 1951இல் தொடங்கிய அப்பணியில் லெ கொர்பூசியேவுடன் அவருடைய உறவினர் பியேர் ஜானரேயும் ஈடுபட்டு, 1965 வரை அங்கேயே தங்கினார். அலுவலகங்கள், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கெனத் தேக்காலும் பிரம்பாலும் ஆயிரக்கணக்கான நாற்காலிகளும் மேசைகளும் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இவற்றின் வடிவமைப்பில் பங்கேற்றனர்.

காலப்போக்கில் பழுதுற்றவை கழிவுப் பொருள்களாகக் குவிக்கப்பட்டு, அரசு ஏலங்களில் சொற்பத் தொகைக்கு விற்கப்பட்டன. 1990களின் இறுதி தொட்டுப் பாரிசு நகர வணிகர்கள் அவற்றை வாங்கிச் செப்பனிட்டனர். மேலைநாட்டு ஏலங்களில் ஒற்றை நாற்காலியே ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது.

பழைய மகிழுந்துச் சந்தையில் விற்பவர் அறிந்த குறையை வாங்குபவர் அறியார் என்பது, பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கெர்லோஃப் 1970இல் விளக்கிய கருத்தாகும். சண்டிகாரில் நிகழ்ந்ததோ இதன் மறுதலை. வாங்கியவர் அறிந்திருந்த பெருமதிப்பை விற்றவர் அறிந்திலர். ஏலம் வெளிப்படையாகவே நடந்தது. அறிவுதான் ஒருபக்கமாக இருந்தது.

அம்மதிப்பு மரத்தில் மட்டும் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இருப்புக் கணக்கிற்காக எழுத்தர்கள் நாற்காலியின் பின்புறத்தில் தீட்டிய அலுவலகக் குறியீடே, பின்னாளில் அதன் பூர்வீகத்தைக் காட்டும் சான்றாயிற்று. போலிகள் பெருகிய பின்னர் அக்குறியீடு மட்டும் போதாமல், பழைய நிழற்படங்களும் ஆவணங்களும் இன்றியமையாதவையாயின.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு நூறாண்டுப் பழைமையை வரையறுப்பதால், இவை அதன் பாதுகாப்பிற்குள் அடங்கவில்லை. 2011இல் இந்திய உள்துறை அமைச்சு இவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. எனினும், அதற்குள் பெருந்தொகையானவை கடல்கடந்துவிட்டன.

ஆகவே, நியாய விலை பேரம் பேசுவதால் மட்டும் கிட்டுவதன்று. பொருளின் வரலாற்றை முதலில் ஆராய்தல், குறியீடுகளை அழியாது காத்தல், மதிப்பீட்டாளர் ஒருவருக்கு மேற்பட்டோரை நாடுதல், அறிந்தோர் கூடும் சந்தையில் விற்றல் ஆகியன விற்பவர் கடமைகளாம். விலையை உயர்த்தியது வடிவமைப்பாளரின் பெயர். அப்பொருள்களை இழைத்த தச்சர்களுள் பெரும்பாலோரின் பெயரோ ஏலப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. எழுதி வைக்கப்படாத உழைப்புக்குச் சந்தை விலை தருவதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை எனலாம்.